மழை பெய்தால் எடுக்கும் வண்டி

விடிந்ததும் அவள் செய்கிற வேலைகளுக்கு ஒரு வரிசை உண்டு. வண்டியின் உறையை முன்பக்கத்திலிருந்து சுருட்டிக்கொண்டு போய்ப் பின்னால் மடித்து வைப்பாள். உள்ளே கிடக்கும் 'பயிற்சி வண்டி' பலகையை எடுத்துக் கூரைமேல் பொருத்துவாள். மாமியாரின் தலையணையைப் பின் இருக்கைக்குத் தள்ளுவாள். கண்ணாடியை ஒரு துணியால் துடைப்பாள். இதெல்லாம் முடிந்த பிறகுதான் சாவி.

அன்றைக்கும் அந்த வரிசையில் ஒன்றும் பிசகவில்லை. சாவியைத் திருப்பினாள். 'டிக்' என்றது. இன்னொரு முறை திருப்பினாள். 'டிக், டிக்.' அவ்வளவுதான். மூன்றாவது முறை திருப்பக் கை வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். வானம் துடைத்து விட்டதுபோல் இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அந்த வண்டிக்கு அப்படி ஒரு கோணல் புத்தி. மழை பெய்தால் மறுநாள் காலையில் சமர்த்தாக எடுத்துவிடும். முந்தின நாள் நல்ல வெயில் அடித்திருந்தால் படுத்துவிடும். ஈரத்தில் வண்டி மக்கர் செய்யும் என்று எல்லோருக்கும் தெரியும். வெயிலுக்கு மக்கர் செய்கிற வண்டியை யாரும் பார்த்ததில்லை. பேட்டரியும் டைனமோவுமே தொழிலாக இருக்கும் அவள் புருஷன்கூடப் பார்த்ததில்லை.

அவன் வாயில் பல்குச்சியோடு வெளியே வந்தான். அந்த 'டிக்' சத்தமே அவனுக்கு எல்லாம் சொல்லியிருக்கும். தன் வேனை ஓட்டிவந்து மூக்கோடு மூக்காக நிறுத்தினான். மீட்டரின் இரண்டு முனைகளையும் பேட்டரியில் வைத்துப் பார்த்தான்.

"பத்தரை வோல்ட் காட்டுது. பன்னெண்டரைக்கு மேல இருக்கணும். ராத்திரி முழுக்க எதுவோ குடிச்சிருக்கு."

"எது?"

"அதைத்தான் ரெண்டு மாசமாத் தேடுறேன்." கேபிளை மாட்டிக்கொண்டே, முகத்தைப் பார்க்காமல் கேட்டான். "நேத்து விளக்கெல்லாம் அணைச்சியா?"

"அணைச்சேன்."

"யோசிச்சுச் சொல்லு."

இந்த 'யோசிச்சுச் சொல்லு'தான் அவளுக்குத் தாங்காது. கத்தியிருந்தால்கூடப் பதிலுக்குக் கத்தியிருப்பாள். அவன் மெதுவாக, நோயாளியிடம் கேட்பதுபோல் கேட்டான். அவளும் ஒவ்வொரு முறையும் யோசித்தாள். முந்தின மாலையை மனசுக்குள் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். விளக்கு அணைத்தேன், ரேடியோ அணைத்தேன், சாவியை எடுத்தேன். ஓட்ட ஓட்ட அந்த நினைவு தேய்ந்து, அணைத்தேனா, அணைத்ததாக நினைத்தேனா என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிடும். வண்டி நின்றுபோவதைவிட இதுதான் அவளை அதிகம் பயமுறுத்தியது.

வேனின் உயிரை வாங்கிக்கொண்டு வண்டி உறுமியது. ஓடும்போது மறுபடி மீட்டரை வைத்தான். "பதினாலே கால். டைனமோ குதிரை மாதிரி இருக்கு. பெல்ட் விறைப்பா இருக்கு. பேட்டரி புதுசு. எல்லாம் நல்லா இருக்கு." கடைசி மூன்று வார்த்தைகளைத் திட்டுகிற மாதிரி சொன்னான்.

வாசலில் மாமியார் டீயோடு நின்றிருந்தார். குள்ளமான உருவம். தோளில் துண்டு. "நான் ஓட்டக் கத்துக்க ஆரம்பிச்சதிலேர்ந்துதான்டா இது. என் கைராசி. நான் இனிமே ஏறல" என்றார்.

"அம்மா, பேட்டரிக்கு ஆள் தெரியாதும்மா."

"தெரியாதுன்னா ஏன் அதுக்கு முன்னாடி இப்படி ஆகல?"

அவன் குனிந்து கேபிளைக் கழற்ற ஆரம்பித்தான்.

மாமியார் கற்றுக்கொள்ள வந்ததே ஒரு கதை. அவருடைய புருஷன் லாரி டிரைவர், பிள்ளை மெக்கானிக், தம்பி பஸ் கண்டக்டர். "ஆயுசு பூரா வண்டிக் கூட்டத்துல இருந்தேன், ஒருத்தனும் ஸ்டியரிங்கத் தொட விடல. நீ விடுவியா?" என்று ஒருநாள் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு சாவியை எடுத்துக் கொடுத்தாள். உட்கார்ந்தால் கண்ணாடிக்கு மேலே மாமியாரின் கொண்டை மட்டும்தான் தெரிந்தது. மறுநாளே பழைய தலையணை ஒன்றை இரண்டாக மடித்து, சுற்றிலும் தைத்து, செங்கல் மாதிரி கெட்டியாக ஆக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ஊரில் பல பெண்களுக்கு அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் 'டீச்சர்'. அவள் உட்காரும் பக்கத்து இருக்கையின் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளச் உண்டு. அடியில் இரும்புக் கம்பி ஓடி, ஓட்டுகிறவரின் பெடலோடு சேரும். படிக்கிறவர் பதறினால் அவள் காலை வைத்து நிறுத்திவிடுவாள். அந்த வண்டியைத் தன் சம்பாத்தியத்தில் வாங்கினாள். அதிலிருந்து இறங்கும்போது அவளுக்கு முதுகு நேராக இருக்கும். அதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

வண்டி சூடாகிக்கொண்டிருக்கும்போதே போன் வந்தது. ஆஸ்பத்திரியின் தலைமை நர்ஸ். அவரோடு சேர்ந்து ஐந்தாறு நர்ஸ்கள் அவளிடம்தான் கற்றுக்கொள்கிறார்கள். போன வாரம் அவர்களே சீருடையோடு இந்த வண்டியைத் தெருவில் தள்ளினார்கள்.

"டீச்சர், நாளைக்கு லைசென்ஸ் டெஸ்ட். எல்லாரும் டூட்டி மாத்தி வெச்சிருக்கோம். உங்க வண்டி கண்டிப்பா வருமா? சந்தேகம்னா சொல்லிடுங்க. அந்த இன்னொரு ஸ்கூல்ல கேட்டிருக்கோம். அங்க போயிட்டோம்னா பாக்கிப் பொண்ணுங்களும் அங்கேயேதான் சேருவாங்க. தப்பா நினைச்சுக்காதீங்க."

"இல்ல, இதுல தப்பா நினைக்க என்ன இருக்கு. சாயங்காலம் சொல்றேங்க."

போனை வைத்ததும் புருஷன் கேபிளைச் சுருட்டிக்கொண்டே சொன்னான். "பேசாம இதை வித்துடு. கடையில வந்து உக்காரு. ஆள் வேணும்னுதான் தேடிட்டிருக்கேன்."

நல்ல மனசோடுதான் சொன்னான். அதனால்தான் அவளால் அவனைத் திட்டவும் முடியவில்லை. இவனுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லையா, இல்லை, கண்டுபிடிக்க வேண்டாம் என்று இருக்கிறானா? அந்த எண்ணம் வந்ததும் அதற்காகவே வெட்கப்பட்டாள். வெட்கப்பட்டாலும் எண்ணம் போகவில்லை.

*

காலை வகுப்பு முடிந்ததும் வண்டியைக் கடைக்குக் கொண்டுபோனாள். போகும் வழியில் தண்ணீர்க் குழாய் ஓரம் நிறுத்தி, உள்ளே கிடந்த தலையணை, குடை, தண்ணீர் பாட்டில், செருப்பு, சீப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு, விரிப்பை உதறிப் போட்டாள். கடைக்குப் போகும்போதெல்லாம் இது அவள் வழக்கம்.

கடைக்கு எதிரே டயர்க்கடை. அதன் முதலாளி படுக்கப் போட்ட டயர்மேல் உட்கார்ந்து, தெருவுக்கே நேர்முக வர்ணனை கொடுப்பவர்.

"வாங்க டீச்சர்! இன்னைக்கு யாரும் தள்ளாமலே வந்துட்டீங்க? நான்கூட நீங்க நடத்துறது உடற்பயிற்சிக் கூடம்னு என் சம்சாரத்தைச் சேத்துவிடலாம்னு பார்த்தேன்."

"சேத்துவிடுங்க. தள்ளுறதுக்கு ஆள் பத்தல."

"டாக்டர் வீட்டு நோயாளிக்கே வைத்தியம் இல்லன்னா நாங்கெல்லாம் எங்க போறது?" என்றார் அவர், கடைக்குள் இருந்தவனுக்கும் கேட்கும்படி. தெருவில் அவள் புருஷனுக்கு 'டைனமோ டாக்டர்' என்று பெயர்.

அவன் நிமிரவில்லை. காதுமடல் மட்டும் சிவந்தது. அவள் அதைப் பார்த்தாள். இந்த இரண்டு மாதத்தில் அவனுக்கும் ஒன்று போய்க்கொண்டிருக்கிறது என்று முதல்முறையாக அவளுக்கு உறைத்தது. எத்தனை பேர் வண்டியை எங்கெங்கோ காட்டிவிட்டுக் கடைசியில் இவனிடம் வருவார்கள். இவன் மீட்டரை வைப்பான், கண்ணை மூடி டைனமோ சத்தத்தைக் கேட்பான், "கார்பன் தேஞ்சிருக்கு" என்பான், கழற்றினால் தேய்ந்திருக்கும். அப்படிப்பட்டவன் பெண்டாட்டியின் வண்டிக்கு இரண்டு பேட்டரியும் ஒரு டைனமோவும் மாற்றிவிட்டுக் கையைப் பிசைந்துகொண்டு நிற்கிறான். எத்தனையோ ராத்திரி வண்டியைக் கடையிலேயே வைத்துப் பார்த்தாயிற்று. கடையில் வைத்தால் காலையில் சிரித்துக்கொண்டு எடுக்கும். வீட்டில் நிறுத்தினால்தான் படுக்கும்.

அவன் அப்போது வேறொரு வாடிக்கையாளரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தான். அந்த ஆள் தன் வண்டியின் எஞ்சின் முழுவதையும் தண்ணீர் அடித்துக் கழுவிப் பளபளவென்று கொண்டுவந்திருந்தார்.

"யாருங்க உங்களக் கழுவச் சொன்னது?"

"ஒரே அழுக்கா இருந்துச்சு. அப்படியே கொண்டு வந்தா நீங்க என்ன நினைப்பீங்கன்னுதான்..."

"நான் என்ன பொண்ணு பார்க்கவா உக்காந்திருக்கேன்? எந்த இடத்துல எண்ணெய் கசிஞ்சிருந்தது, எந்த பேட்டரி முனையில வெள்ளை பூத்திருந்தது, அதுதான எனக்குப் பேசும்! அத்தனையும் கழுவி ஊத்திட்டு, இப்போ கண்டுபிடின்னா? வண்டி வீட்டுல எப்படி நிக்குதோ அப்படியே கொண்டு வரணும். ஒரு துரும்பைத் தொடக் கூடாது."

அந்த ஆள் அசட்டுச் சிரிப்புச் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கையில் இருந்த பை திடீரென்று கனத்தது.

பைக்குள் பார்த்தாள். குடை, செருப்பு, சீப்பு, தலையணை. ஒவ்வொரு முறையும் நான் எதைத்தான் இவனுக்குக் காட்டியிருக்கிறேன்? துடைத்த வண்டியை. யாருடையதோ போன்ற வண்டியை.

ஏன் துடைக்கிறாள் என்பதும் அவளுக்குத் தெரியும். வண்டி வாங்கிய புதிதில், கடையாட்கள் எல்லோரும் நிற்க, அவன் கதவைத் திறந்து பார்த்துவிட்டு, "இது காரா, குப்பைக்கூடையா?" என்று சிரித்தான். ஆட்களும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். அதோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அன்றிலிருந்து ஒரு ரொட்டித் தூள்கூட இல்லாமல்தான் அந்த வாசலுக்கு வண்டியைக் கொண்டுவந்தாள்.

பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

"எங்க போற? வண்டிய விட்டுட்டுப் போ, இன்னொரு தரம் பார்க்கிறேன்."

"இங்க பார்க்க வேண்டாங்க. சாயங்காலம் மீட்டரை எடுத்துட்டு வீட்டுக்கு வாங்க."

*

மாலையில் மாமியார் வண்டி ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தார்.

"நாளைக்கு உனக்குப் பொழைப்பு போற நிலைமை. நான் தொட்டா அதுவும் போயிடும். நாளைக்கு டெஸ்ட்டுக்கு எனக்கும் பேர் குடுத்திருக்க, அதுக்கும் நான் வரல."

"அத்தை, நீங்க தொட்டாத்தான் படுக்குதுன்னா எனக்கு அது இன்னைக்குப் படுத்தே ஆகணும். ஏறுங்க."

"என்னம்மா பேச்சு இது?"

"தினம் எப்படியோ அப்படியே. தலகாணிய எடுத்துக்குங்க."

மாமியார் ஓட்டினார். திருப்பத்தில் வழக்கம்போல மூச்சைப் பிடித்துக்கொண்டார். நாய்க்கு வழிவிட்டு, அதனிடம் "போ ராசா" என்றார். திரும்பி வந்ததும் சந்துக்குள் பின்பக்கமாக விட்டு, சுவரில் இடிக்காத குறையாக அவள் நிறுத்தினாள். பிறகு ஒவ்வொன்றையும் தன் கையையே கவனித்துக்கொண்டு செய்தாள். சாவியை எடுத்தாள். உறையைப் பின்பாதிக்குப் போர்த்தினாள். முன்னால் வந்து, மாமியாரின் தலையணையைத் தன் இருக்கையின் காலடியில் நிறுத்தினாள். இருக்கைமேல் வைத்தால் சாயங்கால வெயில் பட்டு வெளுத்துப்போகும் என்று மாமியார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். கூரையிலிருந்து பலகையைக் கழற்றி, தலையணைக்கும் இருக்கைக்கும் நடுவில் செருகினாள். கதவைச் சாத்தினாள்.

அவன் மீட்டரோடு வந்தபோது இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. வந்ததும் கதவுப் பக்கம் கையைக் கொண்டுபோனான்.

"தொடாதீங்க! எதையும் எடுக்காதீங்க. இப்படியேதான் ராத்திரி நிக்கும். இப்படியே பாருங்க."

அவள் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அவன் கையை எடுத்துவிட்டு, முகத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு பானெட்டைத் திறந்தான். பேட்டரியின் நெகட்டிவ் பிடியைக் கழற்றி, நடுவில் மீட்டரைக் கோத்தான். வண்டி எவ்வளவு கரண்டைக் குடிக்கிறதோ அத்தனையும் இப்போது மீட்டர் வழியாகத்தான் போக வேண்டும். கடையில் எத்தனையோ முறை இதே சோதனையைச் செய்திருக்கிறான். ஒவ்வொரு முறையும் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்தான் காட்டியது.

எண் ஏறியது. நின்றது.

"என்னடா அது?" என்றார் மாமியார்.

அவன் மீட்டரைக் கண்ணருகே தூக்கிப் பார்த்தான். "நாலு... நாலு ஆம்பியருக்கு மேல. அம்மா, அகப்பட்டுடுச்சும்மா! நம்ம வண்டி குடிக்குது!" இரண்டு மாதமாகத் தேடிய திருடனைக் கண்டவன் மாதிரி அவள் தோளைப் பிடித்து உலுக்கினான். "நீ விளக்க அணைச்சிருக்க. அணைச்சுட்டுத்தான் வந்திருக்க!"

அவள் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டாள்.

ஃப்யூஸ் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். ரேடியோ. எண் அசையவில்லை. உள்விளக்கு. அசையவில்லை. அடுத்ததைப் பிடுங்கியதும் எண் சரிந்து பூஜ்யத்துக்குப் போனது. மூடியின் உள்பக்கப் படத்தைப் பார்த்தான். "ஹாரனும் பிரேக் லைட்டும். ஹாரன் அடிக்கல. அப்போ..."

ஃப்யூஸைத் திரும்பச் செருகினான். மாமியார் சுவரோடு ஒட்டிச் சந்துக்குள் நுழைந்து உறையைத் தூக்கினார். அவர் உடம்புக்குத்தான் அந்த இடுக்கு கொள்ளும்.

"சுவர் செவப்பா இருக்குடா!"

சாவி எடுத்த வண்டி, ஆள் இல்லாத வண்டி, உறைக்கு அடியில் சுவரைப் பார்த்துக்கொண்டு பிரேக் விளக்கை எரித்துக்கொண்டு நின்றது.

"ஸ்விட்ச் போயிருக்கு. பெடல் பக்கம் ஒரு சின்ன ஸ்விட்ச். மாத்திட்டா முடிஞ்சுது" என்று அவன் ஓட்டுகிறவர் கதவுக்குப் போனான்.

"இருங்க. அதே ஸ்விட்ச்தான கடையிலயும் இருந்துச்சு? அங்க ஏன் எரியல?"

அவன் நின்றான்.

அவள் கண்ணாடி வழியாகத் தன் இருக்கையின் காலடியைப் பார்த்தாள். வருஷக்கணக்காகத் தன் கால் இருக்கும் இடம். அங்கே மாமியாரின் தலையணை கெட்டியாக நிமிர்ந்து நின்றது. பின்னால் பலகை அதை முட்டுக்கொடுத்துத் தள்ளியது. தலையணையின் விளிம்பு அவளுடைய பிரேக் பெடல்மேல் சாய்ந்திருந்தது. விரல் அளவுக்குத்தான் பெடல் இறங்கியிருந்தது. விளக்கு எரிய அது போதும்.

கதவைத் திறந்து தலையணையைத் தூக்கினாள்.

"அணைஞ்சுடுச்சு!" என்று பின்னாலிருந்து சத்தம் வந்தது.

வைத்தாள்.

"எரியுது!"

தூக்கினாள். "அணைஞ்சுடுச்சு!" வைத்தாள். "எரியுது! ஐயோ, எரியுதுடி!" மாமியாரின் குரல் வரவர உயர்ந்தது. போதும் என்று தெரிந்தும் அவளால் நிறுத்த முடியவில்லை. ராத்திரியெல்லாம் நாங்கள் தூங்க, ஒரு தலையணை விடிய விடிய பிரேக் பிடித்திருக்கிறது.

அவன் படியில் உட்கார்ந்துவிட்டான். "ரெண்டு பேட்டரி மாத்தினேன். நல்லா இருந்த டைனமோவைக் கழட்டிட்டு இன்னொரு நல்ல டைனமோ போட்டேன். கடைசியில எங்கம்மா தலகாணி!" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மாமியார் சந்திலிருந்து வெளிவந்தார். தலையில் ஒட்டடை. "அப்போ மழைக்கு ஏன்டா எடுத்துச்சு?" என்று கேட்டுவிட்டு, அவரே வாயைப் பொத்திக்கொண்டார். "மழை வந்தா எனக்குக் கிளாஸ் கிடையாது! தலகாணி நனைஞ்சிடும்னு வீட்டுக்குள்ள வெச்சிப்பேன்!"

சிரிப்பு அடங்கியதும் அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளைக் கேட்டான். "சரி, எங்கிட்ட வரும்போது இது ஏன் ஒரு தடவைகூட உள்ள இல்ல?"

"சுத்தம் பண்ணிக் கொண்டு வருவேன்."

"எதுக்கு?"

சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தாள். ஆனால் சொன்னாள். "ஒரு நாள் உங்க ஆளுங்க முன்னாடி, இது காரா குப்பைக்கூடையான்னு கேட்டீங்க."

"நானா?" அவனுக்கு உண்மையிலேயே நினைவில்லை. நெற்றியைச் சுருக்கித் தேடினான். "எப்போ?"

"யோசிச்சுச் சொல்லுங்க" என்றாள் அவள்.

மெல்ல அவன் முகம் மாறியது. "சொல்லியிருப்பேன்" என்றான். "சொல்லியிருக்கக் கூடாது." பிறகு எழுந்து, பேட்டரியின் பிடியை மாட்டி, இறுக்கினான். "விக்கிற பேச்சும் கிடையாது. காலையில ஏதோ உளறினேன்."

அவள் போனை எடுத்தாள். தலைமை நர்ஸ் எடுத்ததும், "நாளைக்கு வண்டி வருதுங்க. எல்லாரும் நல்ல செருப்பாவே போட்டுட்டு வரலாம், தள்ளுற வேலை கிடையாது" என்றாள்.

*

மறுநாள் காலையில் சாவியைத் திருப்புவதற்கு முன்னால் மூன்று பேரும் மூச்சைப் பிடித்தார்கள். ஒரே திருப்பு. வண்டி இத்தனை நாள் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடியது.

டெஸ்ட்டில் நர்ஸ்கள் எல்லோரும் தேறினார்கள். மாமியாரைப் பார்த்த அதிகாரி, "இந்த வயசுல எதுக்கும்மா?" என்று கேட்டாராம். "உங்க வயசுல என்னை ஒருத்தரும் விடல" என்றாராம் இவர். நேராக ஓட்டி, வளைத்து, பின்னால் எடுத்து, கோட்டுக்குள் நிறுத்திவிட்டு, தலையணையோடு இறங்கினார். பாஸ்.

திரும்பும்போதும் மாமியாரே ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, தன் இரண்டு பாதங்களையும் பெடலை விட்டு இருக்கைக்கு அடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். கால் தன்னால் முன்னே போகப் பார்த்தது. விடவில்லை.

கடைத்தெருவில் நுழைந்ததும் வண்டி மெதுவானது. டயர்க்கடை வாசலுக்கு நேராக வந்து, ஒரு உதறலோடு நின்றே போனது. எஞ்சின் சத்தம் இல்லை.

டயர்க்கடைக்காரர் டயரை விட்டு எழுந்தார். கைகளைத் தட்டித் தூசி துடைத்துக்கொண்டார். "பார்த்தீங்களா! வாங்கடா, ஆளுக்கு ஒரு கை போடுங்க. டாக்டர் அம்மாவையே தள்ள வேண்டியதாப் போச்சு!"

எதிர்க்கடையில் அவன் ஸ்பானரோடு வாசலுக்கு வந்துவிட்டான். அவள் மாமியாரின் காலைப் பார்த்தாள். கிளச்சைச் சரியாக மிதிக்கவில்லையா? நிமிர்ந்தாள். மாமியாரின் விரல்கள் சாவியின் மேல் நிதானமாக இருந்தன. வண்டி தானாக நிற்கவில்லை. அவர்தான் அணைத்திருக்கிறார்.

மாமியார் கண்ணாடியை முழுவதும் இறக்கினார். தலையணைமேல் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தள்ள வேண்டாம் தம்பி. நீங்க உக்காருங்க" என்றார். "உக்காந்து கேளுங்க."

சாவியைத் திருப்பினார்.